ஹெட்லைட் மங்குகிறது: பேட்டரியா, ஆல்டர்னேட்டரா, எர்த் வயரா, எதில் கை வைப்பது?

இரவு நேரம், வண்டி சிக்னலில் நிற்கிறது. ஏசி ஓடுகிறது, வைப்பரும் ஓடுகிறது. ரேடியேட்டர் ஃபேன் சுழல ஆரம்பித்த அந்த நொடியில், முன்னால் நிற்கும் வண்டியின் முதுகில் விழுந்திருந்த வெளிச்சம் சட்டென்று தாழ்ந்து மஞ்சளாகிறது. ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் மறுபடி ஏறுகிறது.

இதை நாலு பேரிடம் சொல்லிப் பாருங்கள். பேட்டரி போச்சு என்பார் ஒருவர். டைனமோ, அதாவது இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், வீக் என்பார் அடுத்தவர். ரிலே செட் போட்டால் பளிச்சென்று இருக்கும் என்று ஒரு குரல் வரும். எல்இடி பல்பு மாட்டினால் தொல்லையே இல்லை என்று இன்னொரு குரல். ஆடியோ பைத்தியம் ஒருவர் பக்கத்தில் இருந்தால் கெப்பாசிட்டர் வைக்கச் சொல்வார். எல்லாரும் தங்கள் வண்டியில் பலித்ததைத்தான் சொல்கிறார்கள். அவர்கள் வண்டியில் இருந்த கோளாறு உங்கள் வண்டியிலும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

மங்கல் இரண்டு வகை. ஒன்று, ஏறி இறங்குவது: ஐட்லிங்கில் தாழும், ஃபேன் ஓடினால் தாழும், ரேஸ் கொடுத்தால் ஏறும். மற்றது, எப்போதும் ஒரே மாதிரி மந்தமாக இருப்பது: நெடுஞ்சாலையில் போனாலும் அதே மஞ்சள்தான். முதல் வகையில் மின்சாரம் தருகிற இடத்தில் பற்றாக்குறை. இரண்டாவதில் தருகிற இடம் நன்றாகவே இருக்கும், வரும் வழியில் கசிகிறது. எர்த்தைத் தவிர, கீழே வரும் ஒவ்வொரு வழியும் இந்த இரண்டில் ஒன்றுக்குத்தான் மருந்து. மாற்றி மாட்டினால் செலவுதான் மிஞ்சும்.

ஒரு வோல்ட்டுக்கு ஏன் இத்தனை ஆட்டம்?

ஹாலஜன் பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு நேராக ஏறி இறங்குவதில்லை. வோல்டேஜின் ஏறக்குறைய 3.4ஆம் அடுக்குக்கு ஏற்ப மாறுகிறது. வோல்டேஜ் 10% குறைந்தால் வெளிச்சம் 30% போய்விடும். 60/55 வாட் எச்4 பல்பின் லோ பீமுக்கு 1000 லூமென் என்று சொல்வது 13.2 வோல்ட்டில் அளந்த கணக்கு. அதே பல்புக்கு 12 வோல்ட் போனால் சுமார் 720 லூமென்தான். 11 வோல்ட் என்றால் பாதியைச் சற்றே தாண்டும். கண் பொய் சொல்லவில்லை; மீட்டரில் சின்னதாகத் தெரியும் சரிவு சாலையில் பெரிதாகத் தெரிவதற்கு இதுதான் காரணம்.

இதைப் படிக்கும் சிலருக்கு மின்சாரமே பிரச்சினையாக இருக்காது. ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் முகப்பு வெயிலில் மஞ்சளடித்துப் புகை படிந்தது போல இருந்தால், எந்த வயரை மாற்றினாலும் பயனில்லை. முதலில் பகலில் ஒருமுறை விளக்கின் முகத்தைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன் மூன்று அளவுகள்

சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

முதல் அளவு, வண்டியை அணைத்து சில மணி நேரம் கழித்து பேட்டரி முனைகளில். 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12.0 என்றால் கிட்டத்தட்ட காலி. 10.5க்குப் பக்கத்தில் நின்றால் ஒரு செல் ஷார்ட் ஆகியிருக்கலாம்.

இரண்டாவது, இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது அதே முனைகளில். எல்லாம் அணைந்திருக்கும்போது 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். பிறகு ஹெட்லைட், ஏசி புளோயர், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாவற்றையும் போடுங்கள். 13க்கு மேல் நின்றால் கவலை இல்லை. 12.5க்குக் கீழே வழுக்கி, 1500 ஆர்பிஎம் கொடுத்ததும் 13.5க்கு ஏறினால் ஐட்லிங்கில் உற்பத்தி போதவில்லை. ரேஸ் கொடுத்தும் ஏறாவிட்டால் ஆல்டர்னேட்டரோ, பெல்ட்டோ, அதன் வயரோ கெட்டிருக்கிறது. புதிய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஸ்மார்ட் சார்ஜிங் இருக்கும் வண்டிகளில் கம்ப்யூட்டரே வேண்டுமென்று சில நேரம் 12.5 பக்கமும், பிரேக் பிடிக்கும்போது 15 பக்கமும் கொண்டு போகும். அதைக் கோளாறு என்று எண்ணி ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

மூன்றாவது அளவைத்தான் பலர் தப்பாக எடுக்கிறார்கள். ஹெட்லைட் கப்ளரைக் கழற்றி, வெறும் கப்ளரில் மீட்டரை வைத்து, "முழு வோல்டேஜும் வருதே" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மூடிய குழாயில் அழுத்தம் எப்போதும் முழுசாகத்தான் காட்டும். தண்ணீர் ஓடும்போதுதான் அடைப்பு தெரியும். பல்பு மாட்டி எரிந்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனை பேட்டரி பாசிட்டிவில், மறுமுனை கப்ளரின் பின்பக்கம் வழியாகப் பல்பின் பாசிட்டிவ் முள்ளில். மீட்டர் காட்டுவது வழியில் தொலைந்த வோல்ட். அடுத்து, பல்பின் எர்த் (மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வழி) முள்ளுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் அதே மாதிரி. பாசிட்டிவ் பக்கம் 0.5, எர்த் பக்கம் 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் எங்கே தேடுவது என்று மீட்டரே சொல்லிவிட்டது.

எர்த்தும் தடித்த கேபிளும்

எதை வாங்குவது என்ற பேச்சுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்பேன். இரண்டு வகை மங்கலுக்கும் பொதுவான காரணம் இது ஒன்றுதான். முக்கால்வாசி வேலை கம்பி பிரஷ்ஷும் ஸ்பேனரும் பிடிக்கும் வேலை, காசு பிடிக்கும் வேலை இல்லை.

பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கு ஒரு எர்த், இன்ஜினிலிருந்து பாடிக்கு இன்னொன்று, ஹெட்லைட்டுகளுக்கென்று ரேடியேட்டர் சட்டத்துக்குப் பக்கத்தில் ஒன்றிரண்டு. இந்த நட்டுகளுக்கு அடியில் துரு ஏறினால் மொத்த வண்டியும் தள்ளாடும். ஒரு இணைப்பில் 0.02 ஓம் தடை கூடினாலே 60 ஆம்பியர் ஓடும்போது 1.2 வோல்ட் அங்கேயே சூடாகிப் போய்விடும். 0.02 ஓமை சாதாரண மீட்டரின் ஓம் அளவில் பார்க்கவே முடியாது. அதனால்தான் "எர்த் செக் பண்ணியாச்சு, சரியா இருக்கு" என்று சொல்லப்படும் வண்டிகளில் கோளாறு தொடர்கிறது. ஓடும் மின்சாரத்தில் வோல்ட் சரிவை அளந்தால்தான் பிடிபடும். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் கூடவே துடிக்கிறதா? பிரேக் மிதித்தால் வேறொரு விளக்கு மங்கலாக எரிகிறதா? பொதுவான எர்த் ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று கிட்டத்தட்ட பந்தயமே கட்டலாம்.

நானும் ஒருமுறை பேட்டரியை மாற்றிவிட்டுத்தான் இதைக் கற்றுக்கொண்டேன். புதுப் பேட்டரியோடு அதே மங்கல் தொடர்ந்தது. கடைசியில் இன்ஜினிலிருந்து பாடிக்கு வரும் பின்னல் பட்டையைக் கழற்றினால், பாதி இழைகள் பச்சை பூத்துக் கையோடு உதிர்ந்தன.

இதே வரிசையில் வருவது மூன்று கேபிள் மாற்றம்: ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு, பேட்டரியிலிருந்து பாடிக்கு, இன்ஜினிலிருந்து பாடிக்கு என்று பழைய கேபிள்களோடு சேர்த்துத் தடித்த கேபிள் போடுவது. இதைப் பற்றிய புகழ்ச்சி கொஞ்சம் அதிகம். ஆல்டர்னேட்டர் கேபிள் ஒன்றரை மீட்டர் நீளம், 10 சதுர மி.மீ. தடிமன், 80 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்தால் செம்பில் தொலைவது சுமார் 0.2 வோல்ட். 25 சதுர மி.மீ. கேபிளாக்கினால் அது 0.08 ஆகும். லாபம் வெறும் 0.12 வோல்ட். நல்ல நிலையில் இருக்கும் சாதாரண வண்டியில் இதைக் கண் கண்டுபிடிக்காது. பழைய கேபிளுக்குள் செம்பு கறுத்துப்போயிருந்தாலும், பெரிய ஆம்பிளிஃபயரோ கூடுதல் விளக்குகளோ சேர்த்திருந்தாலும் கதை வேறு. அங்கே இது அடிப்படைத் தேவை. ஆல்டர்னேட்டரிலிருந்து புதிதாக இழுக்கும் கேபிளில் பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸ் இல்லாமல் உராய்ந்து ஷார்ட்டானால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும், வண்டி தீப்பிடிக்கும்.

ரிலே ஹார்னஸ்

நிலையான மங்கலுக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது. ஆனால் பழைய பாணி வண்டிக்கு மட்டும்.

பழைய வடிவமைப்பில் ஹெட்லைட்டின் முழு மின்சாரமும் பேட்டரியிலிருந்து கிளம்பி, டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், டிம்-பிரைட் சுவிட்ச் வழியாகத் திரும்பி முன்னால் வருகிறது. இரண்டு லோ பீம் பல்புக்கும் சேர்த்து ஏறக்குறைய 10 ஆம்பியர். 1 சதுர மி.மீ. வயரில் ஐந்து மீட்டர் ஓடினால் செம்பிலேயே 0.9 வோல்ட் போய்விடும். தேய்ந்த சுவிட்ச், தளர்ந்த கப்ளர் தனிக் கணக்கு. ரிலே என்பது சின்ன மின்சாரத்தில் இயங்கிப் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச். அதைப் போட்டால் டேஷ்போர்டு சுவிட்ச் ரிலேயை இயக்குவதோடு சரி. பல்புக்குப் போகும் மின்சாரம் பேட்டரியிலிருந்து ஃபியூஸ், ரிலே வழியாக 2.5 சதுர மி.மீ. வயரில் இரண்டு மீட்டருக்குள் போய்ச் சேரும். சரிவு 0.15 வோல்ட் பக்கம் வந்துவிடும். பல்பில் 12.7 இருந்த இடத்தில் 13.8 கிடைத்தால் வெளிச்சம் மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே பல்பில், வேறெதையும் மாற்றாமல்.

இலவசம் இல்லை. ஹாலஜன் பல்பின் ஆயுள் வோல்டேஜ் ஏற ஏற வேகமாகக் குறையும். 5% கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி. மேலே சொன்ன 12.7 – 13.8 மாற்றத்தில் பல்பு மூன்றில் ஒரு பங்கு காலம்தான் தாங்கும். எனக்கு இது சம்மதம்: மஞ்சள் வெளிச்சத்தில் மூன்று வருடம் ஓட்டுவதைவிட, நல்ல வெளிச்சத்தில் ஓட்டிவிட்டு அடிக்கடி பல்பு மாற்றுவேன். கூடுதல் பல்பு ஒன்றை டிக்கியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிலே செய்யாதது ஒன்று உண்டு. ஐட்லிங்கில் ஏறி இறங்குவதை அது நிறுத்தாது. பேட்டரி முனையிலேயே 12.3 என்றால் ரிலே என்ன செய்யும்? 12.3ஐ ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும், அவ்வளவுதான். அதுவரை நிலையாக மந்தமாக எரிந்த விளக்கு, ரிலே போட்ட பிறகு தாழ்வது இன்னும் நன்றாகக் கண்ணில் படவும் கூடும்.

புதிய வண்டிகளில் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே ரிலே இருக்கிறது, அல்லது பாடி கன்ட்ரோல் மாட்யூல் (விளக்கு முதலானவற்றை இயக்கும் கம்ப்யூட்டர்) பல்பை மின்துடிப்புகளாக இயக்கி வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கிறது. அங்கே வெளியிலிருந்து ரிலே செட் மாட்டினால் ரிலே படபடவென்று அடிக்கும், டேஷ்போர்டில் பல்பு எச்சரிக்கை வரும். அந்த வண்டிகளில் இந்த வழியே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆல்டர்னேட்டர்: ரிப்பேரா, பெரியதா?

ஏறி இறங்கும் மங்கலுக்கு உண்மையான பதில் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. ஆனால் உடனே பெரியதை வாங்குவது அவசரம்.

90 ஆம்பியர் என்று முதுகில் எழுதியிருக்கும் ஆல்டர்னேட்டர் ஐட்லிங்கில் 90 தராது. அந்த எண், ஆல்டர்னேட்டர் தண்டு 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது கிடைப்பது. புல்லி விகிதம் சுமார் 2.5 முதல் 3 மடங்கு என்பதால், இன்ஜின் 750இல் ஓடும்போது அது 2000ஐ ஒட்டித்தான் சுற்றும். அங்கே பாதியோ அதற்கும் குறைவோ கிடைக்கும். வெப்பம் ஏறினால் இன்னும் இறங்கும். இனி செலவைக் கூட்டுங்கள்: ஹெட்லைட் 10, பின் விளக்குகள் முதலானவை 5, புளோயர் 15, ரேடியேட்டர் ஃபேன் 15, பின் கண்ணாடி ஹீட்டர் 15, பெட்ரோல் பம்ப்பும் இன்ஜின் மின்னணுவும் 12. மொத்தம் 72 ஆம்பியர். 45 வருகிற இடத்தில் 72 செலவானால் மிச்சத்தைப் பேட்டரி தன் கையிலிருந்து கொடுக்கும். பேட்டரி கொடுக்கத் தொடங்கிய கணமே வோல்டேஜ் 14லிருந்து 12.5க்கு விழும். நீங்கள் பார்க்கும் மங்கல் அதுதான்.

ஒரு நொடி தாழ்ந்து தானே ஏறுவது பல வண்டிகளில் இயல்பு. திடீரென்று சுமை ஏறினால் இன்ஜின் அணைந்துவிடக் கூடாது என்பதற்காக ஆல்டர்னேட்டரின் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் வேண்டுமென்றே சில நொடிகளில் மெதுவாக ஆல்டர்னேட்டரை ஏற்றும். நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது வருவதும் அதே. இதைச் சரிசெய்யக் கிளம்பியவர்கள் எதையும் சரிசெய்ததில்லை.

தொடர்ந்து தாழ்ந்தே இருந்தால் வரிசையாகப் பார்க்க வேண்டியவை பெல்ட், கார்பன் பிரஷ், டயோட் (மாறுதிசை மின்சாரத்தை நேர்திசையாக்கும் உறுப்பு). பெல்ட் வழுக்கினால் ஈரமான காலையில் கீச்சிடும். பிரஷ் தேய்ந்தால் சார்ஜ் விட்டு விட்டு வரும், சில நேரம் தட்டினால் வரும். டயோட் ஒன்று போனால் உற்பத்தி கணிசமாகக் குறைவதோடு விளக்கு துடிதுடிக்கும், பேட்டரி சின்னம் லேசாக மினுங்கும். மீட்டரை ஏசி (மாறுதிசை) வோல்ட்டுக்கு மாற்றிப் பேட்டரி முனைகளில் வையுங்கள்; நல்ல ஆல்டர்னேட்டரில் 0.1 பக்கம் இருக்கும், 0.5ஐத் தாண்டினால் டயோட் மேல் சந்தேகம். இவையெல்லாம் ரிப்பேரில் தீரும். நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பிரஷ்ஷும் டயோட் தட்டும் மாற்றித் தந்தால், அதே ஆல்டர்னேட்டர் இன்னும் பல வருடம் ஓடும்.

எல்லாம் நன்றாக இருந்தும் கணக்கு இடித்தால், அதாவது நீங்கள் நிரந்தரமாகச் சுமை சேர்த்திருந்தால், பெரிய ஆல்டர்னேட்டர் நியாயம்தான். அப்போது கேட்க வேண்டிய எண் உச்ச ஆம்பியர் இல்லை, ஐட்லிங் ஆம்பியர். 150 என்று எழுதிய ஒன்று ஐட்லிங்கில் உங்கள் பழைய 90ஐவிடக் குறைவாகத் தரவும் கூடும். சார்ஜிங் கேபிளையும் அதற்கேற்பத் தடிக்க வைக்க வேண்டும். புல்லியைச் சின்னதாக்கி ஐட்லிங்கில் வேகமாகச் சுற்றவைக்கும் குறுக்குவழி ஒன்று உண்டு. வேகமாக ஓட்டும்போது அதே விகிதம் ரோட்டரை அதன் எல்லைக்கு மேல் தள்ளும்.

பேட்டரி

புதுப் பேட்டரி தீர்க்கும் மங்கல் ஒன்றே ஒன்று: பேட்டரி நிஜமாகவே தளர்ந்திருக்கும்போது வருவது. நல்ல பேட்டரியின் உள்தடை 5 – 6 மில்லிஓம். 60 ஆம்பியர் கேட்டால் 0.4 வோல்ட்டுக்குள் தாங்கும். தளர்ந்து 25 மில்லிஓம் ஆனதில் அதே 60 ஆம்பியருக்கு 1.5 வோல்ட் விழும். ஃபேன் ஓடத் தொடங்கும்போது ஆழமாகத் தாழ்வதும், காலையில் செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுவதும் ஒன்றாக இருந்தால் பேட்டரியைச் சோதித்து மாற்றுங்கள்.

பெரிய பேட்டரி போட்டால் வெளிச்சம் கூடும் என்பது மட்டும் கணக்கில் நிற்காது. கொடுக்கும்போது சாதாரண லெட்-ஆசிட் பேட்டரி எதுவும் 12.6க்கு மேல் கொடுக்காது. தினமும் இரவு நெரிசலில் இரண்டு மணி நேரம் 15 ஆம்பியர் பற்றாக்குறையோடு நின்றால் 30 ஆம்பியர்-மணி போய்விடும். 45 பேட்டரி அடுத்த நாளே திணறும். 65 பேட்டரி கொஞ்சம் தள்ளிப் போடும், பிறகு அதுவும் அதே இடத்துக்கு வரும்.

கெப்பாசிட்டர், எல்இடி

கொஞ்சம் மின்சாரத்தைச் சேமித்துச் சட்டென்று தரும் கெப்பாசிட்டர் பற்றிச் சுருக்கமாக. ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் 14.4லிருந்து 12.6க்கு இறங்கும்போது 1.8 கூலம் தரும். ஆம்பிளிஃபயர் 60 ஆம்பியர் இழுத்தால் 0.03 நொடியில் தீர்ந்தது. பிறகு அதையும் ஆல்டர்னேட்டர்தான் நிரப்ப வேண்டும். அந்தக் காசில் கேபிள் வாங்குங்கள்.

எல்இடி பல்பின் கவர்ச்சி புரிகிறது. உள்ளே இருக்கும் டிரைவர் வோல்டேஜ் ஏறினாலும் இறங்கினாலும் ஒரே வெளிச்சம் தரும், மின்சாரமும் பாதிக்குள் முடியும். மங்கல் மறைந்துவிடும். மறைவதுதான் எனக்குப் பிடிக்காதது: தளர்ந்த டயோடும் துருப்பிடித்த எர்த்தும் அப்படியே இருக்கும், அறிவிக்க விளக்கு மட்டும் இருக்காது. அதோடு, ஹாலஜன் இழைக்காக வடித்த குழியாடிக்குள் எல்இடியை வைத்தால் ஒளி வேண்டாத இடத்தில் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் குத்தும். அதனால்தான் பல நாடுகளில் அங்கீகாரம் பெறாத எல்இடி பல்பை ஹாலஜன் விளக்கில் மாட்டுவது சட்டப்படி தப்பு. தொழிற்சாலையிலிருந்தே எல்இடி விளக்கோடு வந்த வண்டி வேறு விஷயம்.

நானாக இருந்தால்

பழைய வண்டி, எந்நேரமும் மஞ்சள், பேட்டரி முனையில் 14.2, பல்பில் 12.4 என்றால் முதலில் எர்த் சுத்தம், பிறகு ரிலே. ஐட்லிங்கில் மட்டும் தாழ்ந்து, ரேஸில் ஏறி, ஏசி வோல்ட்டும் சரியாக இருந்தால் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, பின் கண்ணாடி ஹீட்டரைத் தேவையில்லாதபோது அணைக்கப் பழகிக்கொள்வேன், எதையும் வாங்கமாட்டேன். ஆம்பிளிஃபயரும் கூடுதல் விளக்கும் சேர்த்த வண்டியென்றால் கேபிள், அதற்குப் பிறகும் தேவைப்பட்டால் ஐட்லிங் எண் பார்த்து ஆல்டர்னேட்டர். ஐந்து வயதான பேட்டரி, சோம்பும் செல்ஃப் என்றால் பேட்டரி.

ஒன்று விட்டுப்போனது. புதிய வண்டியில் நெகட்டிவ் முனையிலேயே ஒரு சின்னப் பெட்டி, அதாவது மின்சாரத்தை அளக்கும் சென்சார், உட்கார்ந்திருந்தால் புது எர்த் கேபிளை முனையில் நேரடியாக மாட்டாதீர்கள். சென்சாரைத் தாண்டிப் பாடியில் இருக்கும் எர்த் நட்டில் மாட்டுங்கள். முனையில் மாட்டினால் அந்தக் கேபிள் வழியே போவதெல்லாம் கம்ப்யூட்டருக்குக் கணக்கில் வராது. பேட்டரியின் நிலையை அது தப்பாக எடைபோட்டு, சார்ஜைக் குறைத்துவிடலாம்.